ஆணி வைத்த பூட்ஸ்

என் கணவருக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் அவர் அந்த ஆட்டத்தைப் பற்றி அளந்ததைக் கேட்டவர்கள், மனிதர் பிறக்கும்போதே கையில் மட்டையோடு பிறந்தார் என்று நினைத்திருப்பார்கள். கடையத்துக்காரர். சின்ன வயதில் கிட்டிப்புள் ஆடியிருக்கிறார், அதிலும் தோற்றுத்தான் பழக்கம் என்று அவருடைய சொந்த அண்ணனே சொல்லுவார். வாழ்க்கையில் அவர் கோல்ஃப் ஆடியது ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைத்தான் நான் இன்னும் தின்றுகொண்டிருக்கிறேன்.

நாங்கள் அப்போது தென்காசியில் அவருடைய அண்ணன் வீட்டில் இருந்தோம். இருந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஒண்டிக்கொண்டிருந்தோம். நெல் மூட்டை அடுக்குகிற அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை. படுத்தால் காலில் மூட்டை இடிக்கும். அண்ணன் மனைவி, அதாவது என் மூத்த ஓர்ப்படியாள், காப்பித்தூள் டப்பாவைப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். எண்ணெயைக் கரண்டியில் அளந்து ஊற்றிவிட்டுப் போவாள். அந்த அடுக்களையில் வேலை எல்லாம் என்னுடையது, அடுக்களை மட்டும் அவளுடையது. கலியாணமாகி வந்ததிலிருந்து எனக்கு ஓர் ஆசைதான் இருந்தது. யாரிடமும் கேட்காமல் நானே எண்ணெய் ஊற்றித் தாளிக்க எனக்கென்று ஓர் அடுக்களை வேண்டும். நகை கேட்கவில்லை, பட்டுச் சேலை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

அவருக்கு ஒரு தேயிலைக் கம்பெனியின் தென்காசி அலுவலகத்தில் ஹெட்கிளார்க் வேலை. தோட்டங்கள் செங்கோட்டைக்கு அப்பால் மலைமேல். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக் கப்பலேறிவிட்டார்கள். அந்த இடத்துக்கு மெட்ராஸிலிருந்து ஒருவர் மேனேஜராக வந்தார். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள், வயது நாற்பதுகூட இருக்காது. வெள்ளைக்காரன் கோபம் வந்தால் கத்துவான், கத்தினதோடு சரி, மறுநாள் மறந்துவிடுவான். இவர் கத்தவே மாட்டார். சிரிப்பார். ஒருவன் தப்புச் செய்து திருதிருவென்று முழிக்கும்போது, அவனையே பார்த்துக்கொண்டு, உதட்டை மட்டும் கொஞ்சம் இழுத்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு தன்மேல் விழக் கூடாதே என்றுதான் அலுவலகம் முழுக்க வேலை பார்த்தது.

குற்றாலத்தில் கம்பெனிக்கு ஒரு பங்களா இருந்தது. சீசனுக்கு வருகிற பெரிய மனிதர்கள், கொச்சித் தேயிலைத் தரகர்கள், அதிகாரிகள் எல்லாம் அங்கே வந்து தங்குவார்கள். அதைக் கவனிக்க ஓர் உதவி மேனேஜர் வேண்டும் என்று பேச்சு வந்தது. பங்களாவுக்குப் பின்னாலேயே குடியிருக்க ஓட்டு வீடு. ஒரு சீசனில் அருவிக்குக் குளிக்கப் போனபோது நான் அந்த வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்திருக்கிறேன். நின்றுகொண்டே சமைக்கிற மேடை, இரண்டு அடுப்பு, மேலே புகைக்கூண்டு, கிழக்கே பார்த்த ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கிணறு. அன்றைக்கு அருவியில் நின்ற நேரமெல்லாம் எனக்கு அந்த மேடைதான் கண்ணுக்குள் நின்றது. எந்த மூலையில் உப்பு ஜாடி, எங்கே அம்மி என்று எல்லாம் மனதுக்குள் வைத்துவிட்டேன்.

வேலைக்குப் பேச்சில் அடிபட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் கணவர். இன்னொருவர் புளியங்குடிக்காரர், எலுமிச்சை மண்டிக்காரர் மகன். என் கணவரைவிட இளையவர், பின்னால் வந்து சேர்ந்தவர், பி.ஏ. படித்தவர், யாரிடமும் தயங்காமல் பேசுகிறவர். பெரியவர் இருவரையும் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் கிளப்புக்கு வாருங்கள், என்னோடு கோல்ஃப் ஆடலாம், வீட்டுக்காரிகளையும் தேநீருக்கு அழைத்து வாருங்கள் என்றாராம். ஆடத் தெரியாது என்று இரண்டு பேரும் சொன்னதற்கு, தெரிந்தவர்களோடு ஆடி எனக்கு அலுத்துவிட்டது என்றாராம். அப்புறம் என் கணவர் காலைப் பார்த்து, சாரல் பிடித்துவிட்டது, புல் வழுக்கும், நல்ல பூட்ஸாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி, அந்தச் சிரிப்பைச் சிரித்தாராம்.

அவ்வளவுதான். அதிலிருந்து என் கணவருக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போகும், வராது என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. பெரியவர் முன்னால் சறுக்கி விழுந்து, சேறு அப்பிய பின்பக்கத்தோடு எழுந்து நின்று, அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள வேண்டுமே என்ற பயம் ஒன்றுதான் அவருக்கு. விழாமல் இருந்தால் போதும், வேலை தன்னாலே வரும் என்று எப்படியோ அவர் மனதில் பதிந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் பதிந்தது.

குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு கடை இருந்தது. ஊருக்குத் திரும்புகிற துரைமார் விட்டுப்போன சாமான்களை வாங்கி விற்கிற கடை. பிரம்பு நாற்காலி, வெந்நீர்ப் பை, கண்ணாடி உடைந்த படம், பல் போன சீப்புகூட அங்கே கிடைக்கும். அங்கே கோல்ஃப் பூட்ஸ் இரண்டு சோடி வந்திருந்தது. இரண்டும் என் கணவர் காலுக்குச் சரியாக இருந்தன. எதை எடுப்பது என்று கடையிலேயே நின்று அவர் முழித்த முழியைப் பார்த்துக் கடைக்காரர், இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து, வேண்டாததைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று கொடுத்தனுப்பினார். போகிறபோது ஒன்று மட்டும் சொன்னாராம்:

“மழைக்குத் துரைமாரு ஆணிதான் போடுவாக அண்ணாச்சி. ரப்பர் வெயிலுக்கு.”

ஆணி வைத்த சோடி பழுப்பும் வெள்ளையுமாக இருந்தது. பருத்த தோல், கயிறு கட்டுகிற இடத்துக்கு மேலே குஞ்சம் வைத்த ஒரு மடிப்பு. திருப்பிப் பார்த்தால் அடியில் இரும்பு ஆணிகள் துருத்திக்கொண்டு நின்றன. இன்னொரு சோடியில் ஆணி இல்லை. சாதாரணமான காப்பிப்பொடி நிறம். அடியில் ரப்பர், பாகற்காய்த் தோல் மாதிரி சிறுசிறு முண்டு. சும்மா பார்த்தால் ஆபீசுக்குப் போட்டுப்போகிற பூட்ஸ் போலவே இருக்கும்.

அவர் ஆணி பூட்ஸைப் பட்டாசலில், வீட்டு நடுக்கூடத்தில், உட்கார்ந்து மாட்டிக்கொண்டு எழுந்து இரண்டு எட்டு வைத்தார். சிவப்புச் சிமெண்டுத் தரை. கட்டை வண்டி வீட்டுக்குள் வந்ததுபோல ஒரு சத்தம். ஓர்ப்படியாள் அடுக்களையிலிருந்து வந்து, குனிந்து, தரையைத் தடவிப் பார்த்தாள். தன் கொழுந்தன் முகத்தைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“தரையெல்லாம் புள்ளி புள்ளியா, அம்மத் தழும்பு விழுந்த மூஞ்சி கணக்கா ஆயிட்டு. ஒம்புருசன் சொந்த வீடு கட்டி அதுல ஆணியடிக்கச் சொல்லு.”

அவரைப் புழக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் பரீட்சை நடந்தது. ஆணியோடு துவைகல்லில் ஏறினார், கல் ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது, கொடிக்கம்பைப் பிடித்துத் தப்பினார். அதே ஆணியோடு வாழைக்குழியில் இறங்கினார், சேற்றில் ஆணி இறங்கி மனிதர் அசையாமல் நின்றார். ரப்பரைப் போட்டால் நேர் எதிர். கல்லில் கெட்டியாக நின்றார், சேற்றில் சர்ரென்று போய் வாழைமரத்தைக் கட்டிப்பிடித்தார். மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அன்று முழுக்க வாழைக்கும் துவைகல்லுக்குமாக நடந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, கம்பெனியில் இதுவும் ஒரு வேலையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் என்னிடம் கேட்டார். நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

“எது போட்டா விழமாட்டீகளோ அதப் போடுங்க. எனக்கு அந்த அடுக்கள வேணும்.”

ஆணியை வைத்துக்கொண்டு ரப்பரைத் திருப்பிக் கொடுத்தார். இவர் திருப்பிக் கொடுத்த அதே சோடியைத்தான் அன்று சாயங்காலம் புளியங்குடிக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் எதையும் போட்டுப் பார்க்கவில்லையாம். என்ன இருக்கிறது என்று கேட்டாராம், இது ஒன்றுதான் என்றதும் எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு அப்படியே நடந்து போய்விட்டாராம். கடைக்காரர் பிறகு சொல்லித் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு என் கணவருக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. துரைமார் வெள்ளை உடுத்தித்தான் விளையாடுவார்கள் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். நானே கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்துக் கொடுத்தேன். வெள்ளை உடுத்துவது வேறு ஆட்டத்துக்கு என்று போன பிறகுதான் தெரிந்தது. ஆணி பூட்ஸோடு பஸ்ஸில் ஏற முடியாதே, அதை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, பழைய செருப்போடு வந்தார். பஸ் இலஞ்சி முருகன் கோயிலைத் தாண்டும்போது, முருகா, விழாமல் பார்த்துக்கொள் என்று நான் கும்பிட்டுக்கொண்டேன். கும்பிட்டதையாவது கொஞ்சம் விவரமாகக் கும்பிட்டிருக்கலாம்.

கிளப் என்பது துரைமார் காலத்தில் கட்டிய ஒரு பழைய பங்களா. முன்னால் நீள வராந்தா. எதிரே மேடும் பள்ளமுமாக ஒரு புல்தரை, அங்கங்கே குழி வெட்டிக் கொடி நட்டிருந்தார்கள். மாடு வராமல் விரட்ட ஓர் ஆள். வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள், பெண்பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், விருந்தாளிகளுக்கு ஒரு பக்கம். நான் செருப்பைப் படியில் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினேன். மேலே போன பிறகுதான் பார்த்தேன், பெரியவர் மனைவி, அன்று விருந்தாளியாக வந்திருந்த கொச்சித் தரகரின் மனைவி எல்லோர் காலிலும் செருப்பு இருந்தது. சட்டென்று காலை நாற்காலிக்குள் இழுத்துச் சேலையால் மூடிக்கொண்டேன். பெண்பிள்ளைக்கு அதில் ஒரு வசதி உண்டு.

ஆட்டத்தை வராந்தாவிலிருந்தே பார்த்தோம். கொச்சித் தரகர் இவர்களோடு சேராமல் தூரத்துக் குழிகளில் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. புளியங்குடிக்காரர் முதல் சரிவிலேயே ரப்பர் வழுக்கிப் பொத்தென்று விழுந்தார். எழுந்தார், பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு அவரே சிரித்தார். பெரியவரும் சிரித்தார். இரண்டாம் தடவை விழுந்தபோது பெரியவர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார், இரண்டு பேரும் தோளைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கொண்டாட்டம். அவன் விழுந்துவிட்டான் என்று மனதுக்குள் குதித்தேன். என் கணவர் விழவே இல்லை. நட்டுவைத்த முளைக்குச்சி மாதிரி நின்றார். பந்தை அடிக்க வீசினால் மட்டை பந்தைத் தொடாமல் புல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஆனால் விழவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் விழாமல் நிற்கும்போது எனக்கு அந்த மேடையில் ஓர் அடுப்பு பற்றிக்கொண்டது. மேட்டிலிருந்து அவர் திரும்பி நான் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கலியாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்து வந்தார்கள். பெரியவரும் தரகரும் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய், வேறு பூட்ஸ் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். புளியங்குடிக்காரர் ரப்பர் பூட்ஸோடு நேராகப் படியேறி வந்து, தரையெல்லாம் சேறாக்கி, நாற்காலியில் சாய்ந்தார். ஒரு வேலைக்காரர் பின்னாலேயே வந்து துடைத்தார். என் கணவர் படியடியில் நின்றுவிட்டார். அங்கே ஒரு பலகை, ஆணி பூட்ஸோடு மேலே வரக் கூடாது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. துரைமார் இதற்காகவே வீட்டுக்குள் போடுகிற பூட்ஸை ஒரு பையில் தனியாகக் கொண்டுவருவார்களாம். எங்களுக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்? அவர் அந்தப் பலகையைப் படித்ததும் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வா என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதானே, அதைத்தானே நாம் எந்த வீட்டிலும் செய்கிறோம். வந்ததிலிருந்து அங்கே அவருக்குப் புரிந்த ஒரே சங்கதி அதுதான்.

பூட்ஸைக் கழற்றிச் சுவரோரமாக, வரும்போது போட்டு வந்த செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தார். நனைந்த காலுறையோடு ஒருவர் வீட்டுக்குள் போவதா என்று அதையும் கழற்றிப் பிழிந்து பூட்ஸுக்குள் செருகினார். பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாய் இருந்தது, அதைத் திறந்து குதிகால் பின்பக்கம்வரை நன்றாகத் தேய்த்துக் காலைக் கழுவினார். சொட்டக் கூடாதென்று கால்சட்டையைக் கொஞ்சம் மடித்துவிட்டுக்கொண்டார். கழுவின காலோடு, வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக, பணிவாக வராந்தாவில் ஏறினார்.

அந்தக் கிளப்பில் வெறுங்காலோடு நடமாடுகிறவர்கள் ஒரு வகை ஆட்கள்தான். தட்டு எடுக்கிறவர்கள். அவர்களுக்கும் வெள்ளை உடுப்பு.

கொச்சித் தரகர் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் வந்து நின்ற வெள்ளைக் கால்சட்டையை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்தவில்லை, திரும்பவில்லை, காலி கிளாஸை மட்டும் அந்தப் பக்கம் நீட்டி, “சோடா” என்றார். என் கணவர் கிளாஸைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார். ஒரு வார்த்தை பெரியவர் சொல்லியிருக்கலாம். இவர் நம் ஹெட்கிளார்க் என்றால் முடிந்துபோயிற்று. பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உதட்டைக் கொஞ்சம் இழுத்தார். தன் கிளாஸையும் எடுத்து நீட்டினார்.

“எனக்கும் ஒண்ணு.”

புளியங்குடிக்காரர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் இரண்டு கிளாஸையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே சோடா உடைக்கிற சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று. அவர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் தானே எடுத்துக் குடித்து நான் பார்த்ததில்லை. இப்போது தட்டில் இரண்டு கிளாஸையும் வைத்து, தளும்பாமல், கண்ணைத் தட்டிலேயே வைத்து அடிமேல் அடி வைத்து வந்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் பெரியவர் மனைவி என் பக்கம் திரும்பினாள். அவள் பாவம், சூதுவாது இல்லாமல்தான் கேட்டாள். அவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்களே, உங்கள் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லையா என்றாள்.

வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எப்போதும் வந்ததில்லை. வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“அந்தா, சோடா கொண்டு வாராகளே, அவகதான்.”

தரகர் தலையைத் திருப்பி முதல் தடவையாக என் கணவர் முகத்தைப் பார்த்தார். அப்படியா என்றார். தட்டிலிருந்து கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். பெரியவர்தான் முதலில் சிரித்தார், அப்புறம் எல்லோரும். புளியங்குடிக்காரரும் சிரித்தார், வேறென்ன செய்வார். தட்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்ற என் கணவரும் சிரித்தார். நான் ஒருத்திதான் சிரிக்கவில்லை. பெரியவர் மனைவி எனக்கு ஒரு பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பையில் ஆணி பூட்ஸ் மடிமேல் இருந்தது. தென்காசியில் இறங்கி, கோயில் வாசல் தாண்டி, வீட்டுத் தெருவில் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தார். பெரியவரைத் திட்டுவார், தரகரைத் திட்டுவார், நானும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன்.

“நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது” என்றார்.

“நான் என்ன பொய்யா சொன்னேன்?”

“உண்மையச் சொல்லுததுக்கு ஒனக்கு அந்த எடந்தான் கெடச்சுதாட்டி?”

அன்றைக்கு எனக்கு ஒன்று தெரிந்தது. கிளாஸை நீட்டினவர்களை அவர் மன்னித்துவிட்டார். அவர்கள் பெரிய மனிதர்கள், நீட்டுவார்கள். என்னை மன்னிக்கப்போவதில்லை.

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. அலுவலகத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு பெரியவர் காரணமும் சொன்னாராம். பங்களாவுக்கு வருகிற விருந்தாளி கிளாஸை நீட்டினால், நான் யார் தெரியுமா என்று கேட்காத ஆள்தான் எனக்கு வேண்டும் என்றாராம். சேற்றில் விழுந்து சிரித்த புளியங்குடிக்காரரைக் கொஞ்ச நாளில் கொச்சி அலுவலகத்துக்கு இதைவிடப் பெரிய வேலை கொடுத்துக் கூட்டிப்போய்விட்டார்கள். என் கணவருக்கு அலுவலகத்தில் சோடா என்று பெயர் நிலைத்தது. முன்னால் சொல்லமாட்டார்கள். அவர் அறைக்குள் நுழைந்ததும் யாராவது ஒருவர் நாக்கை மடக்கிச் சோடா உடைக்கிற சத்தம் போடுவார்கள், அவ்வளவுதான்.

குற்றாலத்துக்குக் குடிபோனோம். நான் ஜன்னலில் எட்டிப் பார்த்த அதே அடுக்களை. அதே மேடை, அதே புகைக்கூண்டு. நினைத்த மூலையில் உப்பு ஜாடியை வைத்தேன். பால் காய்ச்சுகிற அன்றைக்கு ஓர்ப்படியாள் வந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். புகைக்கூண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பாலை வாங்கிக் குடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, சோடா குடுத்து வாங்குன வீடு” என்றாள். நான் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

அவர் முதல் சம்பளத்தில் மெட்ராஸுக்குச் சொல்லியனுப்பி ஒரு சோடி பூட்ஸ் வாங்கினார். ஆணி இல்லாதது, ரப்பர் அடி. அது காலைவிட்டு இறங்கவே இல்லை. வீட்டுக்குள்ளும் அதுதான். அலுவலகத்திலிருந்து வந்தால் வாசலில் கழற்றமாட்டார், பட்டாசல் தாண்டி, நான் மெழுகித் துடைத்துக் கோலம் போட்ட அடுக்களைக்குள்ளேயே அதோடு வருவார். ரப்பராகையால் சத்தம் கேட்காது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார். கழற்றிவிட்டு வாருங்கள் என்று நான் கெஞ்சியிருக்கிறேன், அழுதும் இருக்கிறேன். அவர் கத்தவே மாட்டார். உதட்டைக் கொஞ்சம் இழுத்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவருக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கிளார்க்குகள் யாராவது வீட்டுக்கு வந்தால் கேட்டிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, சாரலில் நனைந்த கல்மேல் வெறுங்காலோடு நிற்கவிட்டுத்தான் பேசுவார். கம்பெனி வழக்கம் என்பார். ஆணி பூட்ஸ் மட்டும் விறகுக்கொட்டகையில் கிடந்து பூசணம் பிடித்தது. நானும் அதைத் தூக்கிப் போடவில்லை, அவரும் போடவில்லை.

அப்படியே சில சீசன்கள் போயின. பெரியவர் மெட்ராஸுக்கே திரும்பிவிட்டார், அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். ஒருநாள் அருவிக்குப் போகிற வழியில் புது மேனேஜரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். வருவதாக என் கணவர் என்னிடம் சொல்லவில்லை. நான் உள்ளே மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். பழைய நூல் சேலை, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தேன், முழங்கைவரைக்கும் மாவு. வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

“இந்தா. சோடா.”

எட்டிப் பார்த்தேன். அவர் விருந்தாளிகளோடு பேசிக்கொண்டே, திரும்பாமல், காலி கிளாஸை மட்டும் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து அதை வாங்கினேன். சோடாவை உடைத்து ஊற்றி, விருந்தாளிகளுக்கும் சேர்த்துத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தேன். வராந்தாவில் கால் வைக்கும்போது அந்த அம்மாள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், வந்து இவ்வளவு நேரமாகிறதே, உங்கள் வீட்டம்மாளைக் காணோமே என்று.

அவர் என்னைப் பார்த்தார். தட்டோடு நான் இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். அத்தனை வருஷமும் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார் போல. அவசரமே படவில்லை. உதட்டைக் கொஞ்சம் இழுத்தார்.

“உள்ள வேலையா இருக்கா” என்றார்.

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் தட்டிலிருந்து கிளாஸை எடுத்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் கேட்கிற மாதிரி அன்றைக்குப்போல ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால், அந்தா நிற்கிறாளே, அவள்தான் என்று அவரல்லவா சொல்ல வேண்டும். நானே என்னைக் காட்டி என்ன சொல்வது? குனிந்து பார்த்தேன். தரையில் அவர் கால், ஆணியில்லாத பூட்ஸ், கழுவின என் வெறுங்கால்.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வேலை இருந்தது.